நோவில்லாத பக்கத்துத் தாடை

கல்முனை நீதிமன்றத்தில் என் வாய் பூட்டிக்கொண்ட அன்று, அங்கிருந்தவர்களில் கவலைப்பட்டது இரண்டே பேர். ஒன்று நான். மற்றது என் கட்சிக்காரி. மற்றவர்களின் முகங்களில், அல்லாஹ் அறிவான், காய்ந்த வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தது போல் ஒரு குளிர்ச்சி.

நான் சட்டத்தரணி. வாயை வைத்துப் பிழைக்கிறவள். குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டித்தான் உட்காருவேன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அதைப் புகழ்ச்சி என்று எண்ணி நெடுங்காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைய வழக்கு, கடற்கரையோரத் தென்னங்காணி ஒன்றின் எல்லை பற்றியது. வழக்காளி ஒரு தமிழ்ப் பெண். கணவர் கடற்றொழில் செய்கிறவர். எதிராளி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வேலியைத் தம்பி நகர்த்திவிட்டான் என்பது அக்காவின் முறைப்பாடு. வேலி பிறந்ததிலிருந்தே அங்கேதான் நிற்கிறது என்பது தம்பியின் பதில். தம்பி சாட்சிக் கூண்டில் நின்றான். நான் மூச்சை நன்றாக இழுத்து, அரைப் பக்க நீளத்துக்கு ஒரு கேள்வியைத் தொடங்கினேன். நடுவில் இடக் காதுக்கு முன்னால் எதுவோ இடறியது. வாய் ஒரு விரல் அகலத்தில் நின்றுவிட்டது. மேலே திறக்கவில்லை.

மறுபடி முயன்றேன். ஊசி ஏற்றியது போல் நோவு. கேள்வி தொண்டையோடு நின்றது.

நீதிபதி பொறுமையாகக் காத்திருந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, கற்றறிந்த என் நண்பிக்கு மேற்கொண்டு கேள்வி இல்லைப் போல் தெரிகிறது" என்றார். அவ்வளவு அன்பான குரலில் அவர் என்னைப் பற்றிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நான் பல்லிடுக்கு வழியாக ஏதோ சொன்னேன். வழக்கு தவணை போடப்பட்டது. வெளியே வந்ததும் என் கட்சிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மிஸ், பாரிசவாதமா?"

இல்லை என்று தலையாட்டினேன். இது மாதக்கணக்காக இழுபடுகிற ஒரு நோவு என்று அவளுக்கு விளக்க அந்த ஒரு விரல் அகலம் போதவில்லை.

நோவு அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. முதலில் அது காது நோவாக இருந்தது. அதாவது, முதலில் பார்த்த டொக்டர் அதைக் காது நோவு என்று முடிவு செய்தார். சொட்டு மருந்து தந்தார். காது மிகச் சுத்தமாகக் கேட்டது, நோவு அப்படியே இருந்தது. பிறகு பக்கத்து ஊரில் ஒரு பல் கிளினிக். அங்கே தாடை முழுவதையும் ஒரே நீளப் படமாக எடுக்கிற எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் என் பற்களெல்லாம் வரிசையாக நின்று சிரித்தன; கடைவாயில் ஒரு ஞானப்பல் மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றது. சாய்ந்து நின்ற குற்றத்துக்காக அதைப் பிடுங்கினார்கள். வாயை வெகுநேரம் ஆவென்று திறந்துவைத்துத்தான் பிடுங்கினார்கள். பல் போனது. நோவு போகவில்லை, இன்னும் கொஞ்சம் வசதியாகக் காலை நீட்டிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில்தான் நீதிமன்றத்தில் வாய் பூட்டிக்கொண்டது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து எனக்கும் தங்கச்சிக்கும் வீடு கட்டித் தந்திருந்தார்கள். இரண்டு குசினிகளுக்கும் இடையில் ஒரு மதிலும், தங்கச்சியின் கைத்தொலைபேசியும் மட்டும்தான். அந்தத் தொலைபேசியில் உலகத்து வைத்தியர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"ராத்தா, இது கண்ணூறு. கோட்டுல நீங்க கதைக்கிறத்தப் பாத்து ஆரோ கண் வெச்சிட்டாங்க" என்றாள் முதல் நாள். ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. குடித்தேன். இரண்டாம் நாள் அது நரம்பு. அதன் பிறகு வாய்வு. பிறகு ஒரு நாள் காலையில், தூங்கி எழுந்த முகத்தோடு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ராத்தா, இது எலும்புத் தேய்மானம். ஸ்கேன் எடுத்தாத் தெரியும். ஸ்கேன்ல தெரியாத ஒண்டும் இல்ல" என்றாள்.

என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிரதான வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணி என்ன அளவு என்று கேட்டால் பதில் சொல்வார். மற்றக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் புன்னகைதான். நான் வாய் பூட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவர் கடையிலிருந்து வழமையைவிட நேரத்தோடு வரத் தொடங்கினார். வீட்டில் நிலவிய அமைதிக்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக நான் சந்தேகிக்கிறேன். நிரூபிக்கச் சான்று இல்லை.

அந்த நேரம் பார்த்து ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. ஊரெல்லாம் குர்பான் இறைச்சி. எங்கள் வீட்டுக்கும் நாலா பக்கத்திலிருந்தும் வந்து குவிந்தது. மற்றவர்கள் எலும்பைக் கடித்து இழுத்துச் சாப்பிட, நான் அதே இறைச்சி ஆணத்தின் குழம்பை மட்டும் வடித்து, ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சினேன். பெருநாள் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இரக்கத்தோடு என் எதிரில் உட்கார்ந்து தங்கள் கதைகளைத் தொடங்கினார்கள். முடிக்கவும் செய்தார்கள். சின்னம்மா முறையான சாச்சி ஒருவருக்கு, மருமகனைப் பற்றிய ஒரு முறைப்பாட்டைப் பல வருடங்களாக என்னிடம் பாதி மட்டுமே சொல்ல முடிந்திருந்தது. அன்று முழுவதையும் சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்து, "இப்பதான்கா எனக்கு மனசுக்கு லேசு" என்று போனார்.

வார இறுதியில் மட்டும் எங்கள் பக்கம் வந்துபோகிற ஒரு நிபுணரிடம் நம்பர் எடுத்தோம். காத்திருந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் பெருநாள் கூட்டம் ஒன்றுமில்லை. உள்ளே போனதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"எலும்பு தேஞ்சி போயிருக்கு. மூட்டைத் திறந்து துப்பரவாக்க வேணும். ஒப்பரேஷன்தான்" என்றார்.

எந்தப் பக்கத்து மூட்டு என்று என் கணவர் கேட்டார். அவர் அந்த வாரத்தில் கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நிபுணர் படத்தை மறுபடி பார்த்தார். "ரெண்டும்" என்றார்.

வெளியே வந்து வான் வண்டியில் ஏறியதும் கணவர் சொன்னார்: "ஒரு கதவு இறுகினாலும் பிணைச்சல ஆட்டிப் பாத்துட்டுத்தான் கழட்டுவாங்க. இவர் உன்ட வாயத் தொடவே இல்லயே." அந்த ஒப்பரேஷனுக்கு நாங்கள் திகதி எடுக்கவில்லை.

யார் யாரையோ விசாரித்து, கண்டிப் பக்கத்தில் தாடை மூட்டு நோய் பார்க்கிற ஒரு பெண் டொக்டர் இருப்பதாக அறிந்தோம். அம்பாறை, மகியங்கனை வழியாக, அந்தப் பேர்போன பதினெட்டு வளைவுகளில் ஏறிப் போனோம். வாழ்க்கையில் முதல் தடவையாக வாந்தி வந்துவிடக் கூடாது என்று உள்ளம் உருகி துஆக் கேட்டேன். ஒரு விரல் அகல வாயோடு அந்த வளைவுகளில் பயணம் செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

டொக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைத்தார். நான் நீட்டிய படங்களையும் மருந்துத் துண்டுகளையும் மேசையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

"இதுகளைப் பிறகு பாப்பம். முதல்ல உங்களைப் பாப்பம்" என்றார்.

இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல்களை வைத்துக்கொண்டு, திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், தாடையைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னார். ஒரு சின்ன அளவுகோலால் வாய் திறப்பை அளந்தார். கன்னத்துத் தசையை அழுத்தினார். இடப்பக்கம் அழுத்தியபோது நான் போட்ட சத்தத்துக்கு வாய் திறக்கவே தேவைப்படவில்லை.

"இது தசையோ, கருங்கல்லோ?" என்றார். பிறகு ஒரு ஸ்கேன் எழுதினார். "பழைய எக்ஸ்ரே தட்டையான படம். மண்டையோட்டு எலும்பெல்லாம் மேல மேல விழுந்து மூட்டை மறைச்சுப்போடும். எலும்பு எப்பிடி இருக்குதெண்டு வடிவாப் பாக்க முப்பரிமாண ஸ்கேன் வேணும். அதைப் பாத்தாப் பிறகு கதைப்பம்."

ஸ்கேன் அறையில் ஒரு இளைஞன் நின்றான். உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றான். தோடு, மூக்குக் கண்ணாடி, சங்கிலி. பிறகு என் தலையைப் பார்த்தான். கறுப்புத் துணிக்குள் எத்தனை ஊசி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே அன்றுதான் தெரிந்தது. நான் தயங்கி நின்றதைக் கவனித்து, அங்கே வேலை செய்கிற ஒரு சிங்கள அம்மா வந்தார். இளைஞனை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். ஒப்பரேஷனுக்குப் போடுகிற பச்சைத் துணித் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து, என் முடி முழுவதும் மறைகிற மாதிரிக் கட்டி, அதற்கு மேல் இன்னொரு துணியைத் தோள்வரை சுற்றிவிட்டார். "இப்போது சரியா, மகள்?" என்று சிங்களத்தில் கேட்டார். என் வயதைப் பார்த்தால் அவர் என்னை மகளே என்று கூப்பிட்டது பெரிய தாராளம். ஓமென்று தலையாட்டினேன்.

தொப்பி கட்டுவதற்கு முன் ஊசிகளை நான் ஒவ்வொன்றாகக் கழற்றித் தர, கூடவே நின்ற என் கணவர் உள்ளங்கையில் ஏந்தி, நீளத்தின்படி தரம் பிரித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடைக்காரப் புத்தி.

கருவி, நிற்கிற ஒரு தூணில் இரண்டு கைகள் முளைத்தது போல் இருந்தது. நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைக் கட்டி, அசையக் கூடாது என்றார்கள். கதைக்கக் கூடாது. விழுங்கவும் கூடாது. விழுங்கக் கூடாது என்று சொன்ன கணத்திலிருந்து, பாண்டிருப்புக் கடல் முழுவதும் என் வாய்க்குள் ஊறியது. கைகள் என் தலையைச் சுற்றி ஒரு வலம் வந்தன. வாயை மூடி ஒரு முறை, திறந்த மட்டுக்குத் திறந்து ஒரு முறை. கண்ணாடிக்கு அப்பால் என் கணவர் நிற்பது தெரிந்தது. கதைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவிடும் ஒரு கருவியை அவர் பார்த்த பார்வையில், விலை விசாரிக்கிற ஒரு ஆர்வம் இருந்தது.

டொக்டரின் கணினியில் என் தாடை வந்து நின்றது. பேக்கரிப் பாணை மெல்லிசாகத் துண்டு போடுவது போல், எலும்பைத் துண்டு துண்டாக நகர்த்திக் காட்டினார்.

"இந்தக் குமிழ்தான் மூட்டில அசையிற எலும்பு. மேல்பக்கம் வட்டமா இருக்கோணும். இங்க பாருங்கோ, தட்டையாத் தேஞ்சு போச்சு. முன்னுக்கு ஒரு சின்ன எலும்பு கொக்கி மாதிரி முளைச்சிருக்கு."

நான் இடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் நிபுணர் சொன்னது சரி. ஒப்பரேஷன்தான்.

"இது எந்தப் பக்கம், டொக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"வலது" என்றார் டொக்டர்.

"இவக்கு நோகிறது இடதெல்லோ?"

"ஓம். இடது இதுதான்." அடுத்த படத்தைத் தள்ளினார். அங்கே குமிழ் வட்டமாக, வழுவழுப்பாக, பாடப்புத்தகத்துக்கு எடுத்த படம் போல் நின்றது. "இதில ஒரு குறையும் இல்லை."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வழக்குகளில் புகைப்படத்தைக் காட்டிச் சாட்சிகளை மடக்கியவள் நான். என் சொந்தத் தாடை என்னை இப்படி மடக்கும் என்று நினைக்கவில்லை. இத்தனை மாதமாகத் திட்டித் தீர்த்த பக்கம் நிரபராதி. ஒரு வார்த்தை பேசாமல் இருந்த பக்கம்தான் உள்ளே உடைந்து கிடந்தது.

"வலப்பக்கத்தில எப்பவாவது சத்தம் கேட்டதோ?" என்று டொக்டர் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். கேட்டதுதான். சட்டக் கல்லூரியில் படிக்கிற காலத்தில், கொட்டாவி விட்டால் வலக் காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம் வரும். நோவு இல்லை. சில வருடங்களில் சத்தம் தானாக நின்றுவிட்டது. நின்றால் சுகம் என்றுதானே அர்த்தம்?

"அது அப்பவே மாறி முடிஞ்ச எலும்பு. விளிம்பைப் பாருங்கோ, வெள்ளையா, ஒழுங்கா இருக்கு. இப்ப அரிச்சுக்கொண்டிருந்தா விளிம்பு பிஞ்சு போன மாதிரித் தெரியும். இது பழைய கதை, அடங்கிட்டுது. அதைத் திறந்து ஒருத்தரும் துப்பரவாக்கத் தேவையில்லை."

"அப்ப நோவு?" பல்லிடுக்கால் கேட்டேன்.

"இந்தப் படம் எலும்பைக் காட்டும். நோவைக் காட்டாது. மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. இடப்பக்கம் அது வழுகி முன்னுக்குப் போய் வழியை மறிக்குது எண்டு நினைக்கிறன். தசையும் இறுகிப்போச்சு. அதுகளைப் பாக்க எம்.ஆர்.ஐ. இருக்கு, ஆனா உங்களுக்கு இப்பவே அது வேணுமெண்டில்லை. ரெண்டு மாதம் நான் சொல்லுறதைச் செய்து பாப்பம்." பிறகு, "நித்திரையில பல்லுக் கடிக்கிறனீங்களோ?" என்றார்.

"இல்லை" என்றேன் உடனே. உறுதியான குரலில். சத்தியப்பிரமாணம் செய்துகூடச் சொல்லியிருப்பேன்.

என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"டொக்டர்... ராவைக்கு அறைக்குள்ள ஒரு சத்தம் கேக்கிறது. நறநற எண்டு. நான் அது கூரைக்குள்ள எலியெண்டு நினச்சன்."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் முடிச்ச காலத்துல இருந்தே. மருந்து வெச்சன். கூடு வெச்சன். போன வருசம் சீலிங்கையும் கழட்டிப் பாத்தன்."

"ஒரு எலியும் ஆப்பிடேல்லையோ?"

"இல்ல டொக்டர்."

டொக்டர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. நான் கணவரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த ஊசிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயாலேயே ஒரு புதிய சீலிங்குக்குச் சம்மதம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

வைத்தியம் என்று தந்தவை என் மரியாதைக்குக் கொஞ்சம் குறைவானவை. நித்திரைக்கு முன் பல்லில் மாட்டுகிற ஒரு தகடு. கன்னத்துக்குச் சுடுதண்ணி ஒத்தடம். கண்ணாடிக்கு முன்னால் நின்று, நாக்கை மேலண்ணத்தில் வைத்து, தாடையை நேராக மெல்ல இறக்கும் பயிற்சி. மெதுவான சாப்பாடு. கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழ் கையைக் கொடுத்துத் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: உதடு சேரலாம், பல்லு சேரக் கூடாது.

"நாள் முழுக்கவா?" என்றேன்.

"இப்ப என்னோட கதைச்சுக்கொண்டிருக்கேக்க நீங்கள் பல்லை இறுக்கிக்கொண்டுதான் இருந்தனீங்கள்" என்றார் டொக்டர்.

ஊருக்கு வந்ததும் தங்கச்சி மதிலடியில் காத்திருந்தாள். ஸ்கேன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதா என்று கேட்டாள். எலும்பு தேய்ந்திருப்பது உண்மை, ஆனால் நோவுகிற பக்கத்தில் இல்லை என்று எழுதிக் காட்டினேன். அவள் வாசித்தாள், மறுபடி வாசித்தாள்.

"அப்ப மெசின் பிழை. படத்த மாத்திப் புடிச்சிட்டாங்க" என்றாள்.

பயிற்சி பலன் தர நேரம் எடுத்தது. வாய் ஒரு விரலிலிருந்து இரண்டாகி, மெல்ல மெல்ல மூன்றை நெருங்கியது. நோவு ஒரு நாள் காலையில் எனக்குச் சொல்லாமலே போயிருந்தது. மத்தியானம் பிட்டு சாப்பிடும்போதுதான் கவனித்தேன். இதற்குள் தென்னங்காணி வழக்கு இரண்டு தவணை தள்ளிப் போயிருந்தது. நல்ல வாயோடு, இடைவெளியில் சேர்த்துவைத்த கேள்விகளோடு, அடுத்த தவணைக்குத் தயாரானேன். தவணைக்கு முதல் வாரம் என் கட்சிக்காரி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பையில் இளநீர். பின்னால் வாசல் படலையடியில் அவள் தம்பி நின்றான்.

"மிஸ், நாங்க சமாதானமாகிட்டம்" என்றாள்.

"எப்படி?"

"நீங்களும் கதைக்கேலாம இருந்தீங்க. அவன்ட லோயரும் சும்மா இருந்தாரு. ஆரும் கதைக்கல்ல எண்டாப் பிறகு நாங்க கதைக்க வேண்டி வந்திட்டு. ரெண்டு பேருமாப் போய் வேலியப் பாத்தம். நடுவுல ஒரு தென்னதான் மிஸ் பிரச்சின. காய அரைவாசி எடுப்பம் எண்டு முடிச்சிட்டம்." பிறகு என் முகத்தைப் பார்த்துத் தடுமாறினாள். "உங்களுக்குச் சந்தோசம்தானே?"

"மிச்சம் சந்தோசம்" என்றேன். உதட்டைச் சேர்த்து, பல்லைச் சேர்க்காமல். அது அந்த மாதத்தின் மிகக் கடினமான பயிற்சி. ஆனால் தம்பி படலையடியிலிருந்து வந்து, அக்காவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபோது, எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்த இளநீரை நான்தான் குடித்தேன்; கணவருக்குக் கொடுக்கவில்லை.

மறுபடி கண்டிக்குப் போனபோது, இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லித் தங்கச்சி என்னிடம் கட்டாயமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். டொக்டர் சிரித்தார்.

"என்னத்துக்கு? உங்கட வாய் நல்லாத் திறக்குது. நோவில்லை. எலும்பு பழைய வட்டத்துக்குத் திரும்பாது. திரும்பவேண்டிய தேவையும் இல்லை. பாத்து என்ன செய்யப் போறம்? நோவு திரும்பினா, கடி மாறினா வாங்கோ."

திரும்பும் வழியில், வளைவுகளுக்குக் கீழே, வீதியோரத்தில் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தார்கள். கணவர் வான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். சோளப் பொத்தியை முன்பல்லால் கடிப்பது எனக்குத் தடை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, பேனாக்கத்தியால் மணிகளைச் சீவிச் சீவி என் கையில் போட்டார். சூடாக, உப்பாக இருந்தது. நான் மெதுவாக, டொக்டர் சொன்னபடி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றேன்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நான் உன்னோட ஒண்டும் கதைக்கிறல்ல எண்டு உனக்குக் கோவமா?"

இத்தனை வருடத்தில் அவர் இப்படிக் கேட்டதில்லை. நான் வாயிலிருந்த சோளத்தை மென்று முடித்தேன்.

"கோவமெண்டா நான் சொல்லாம இருப்பனா? பல்லக் கடிச்சிட்டா இருப்பன்?"

"அதத்தானே ராவு ராவாக் கடிச்சிரிக்காய்" என்றார் அவர், அடுத்த பொத்தியை எடுத்துக்கொண்டு.